ஜாதகத்தோட ஒரு கட்டி ஐஸு

ஃப்ரிட்ஜுக்கு முன்னால நின்னு யாரையும் திட்டக் கூடாதுன்னு ஊரு உலகத்துக்கே சொல்லிக் குடுத்தது கோகிலவாணிதான். கடைசில அவளே திட்டித் தொலைச்சா. அதுவும் யாரைன்னா நினைச்சீங்க, நாத்தனாருக்கு வர இருந்த மாமியாரை.

கோயமுத்தூர் சிங்காநல்லூர்ல வீடு. வீட்டுக்காரர் சம்பத்துக்கு பம்பு செட்டுப் பட்டறை. கோகிலா ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. என்ன வேலைன்னு அவ மாமியார் மயிலாத்தாகிட்ட கேட்டா, "குளிர்ல வச்சு கேஸுக்கு வெளிச்சம் அடிச்சுப் பாப்பா"ன்னு சொல்லிருவாங்க. அது சரிதான், தப்பில்ல.

அன்னிக்கு சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்தா, சமையக்கட்டுல டொக்கு டொக்குன்னு சத்தம். எட்டிப் பாத்தா, மயிலாத்தா ஃப்ரீசருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு, தேங்கா ஒடைக்கற கத்தியால பனியக் கொத்திட்டிருக்காங்க. பக்கத்துல, ஐஸ அள்ளிப் போட ஒரு தூக்குப்போசி.

"அத்தை! என்ன பண்றீங்?"

"வாடி கண்ணு. நிரஞ்சன் வூட்டுல இருந்து ஃபோனு வந்துது. தாரணி ஜாதகம் பொருந்திருச்சாமா. ஐஸு மட்டும் பாக்கோணுமாமா. நாளைக்கே கொண்டாந்துருங்கன்னு அந்த ரங்கநாயகியம்மா சொல்லிருச்சு."

தாரணி கோகிலாவோட நாத்தனாரு, சம்பத்து தங்கச்சி; நிரஞ்சன் அவளப் பொண்ணு பாத்துட்டுப் போன பையன், ரங்கநாயகியம்மா அவனோட அம்மா.

இந்த ஐஸு பாக்கற பழக்கம் எப்படி வந்துதுன்னு சொல்லிடறேன். இல்லாட்டி இவங்களுக்கெல்லாம் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நினைச்சுக்குவீங்க. சில வருசத்துக்கு முன்னால ஃப்ரிட்ஜுக்குன்னு ஒரு புது கேஸு வந்துது. ஓசோனுக்கு நல்லது, கரண்டு கம்மி, எல்லாரும் அதுக்கே மாறிட்டாங்க. அதோட கூட கிருமி சாகறதுக்குன்னு ஃப்ரீசருக்குள்ள ஊதா பல்பு ஒண்ணு. ரெண்டும் சேந்து என்ன வேலை பண்ணுச்சுன்னு கண்டுபுடிச்சது நம்ம கோகிலா. கண்டுபுடிச்சிருக்கவே வேண்டாம்னு அவளே பல தடவை சொல்லியிருக்கா.

மயிலாத்தா அப்பவே கேட்டாங்க. "அதெப்படி அம்மணி ஐஸு பேசும்?"

"பேசாதுங்க அத்தை. கேட்டு வச்சுக்கும். கார்பன்னு ஒருத்தன், அவனுக்கு நாலு கை. ஃப்ரீசருக்குள்ள கொஞ்சூண்டு கசியற அந்தக் கேஸுல நாலு கையும் யாரையாவது புடிச்சிருக்கும். ஊதா வெளிச்சம் பட்டா ஒரு கை புடிய விட்டுரும். மூணு கையில மூணு ஃபுளோரின், நாலாவது கை சும்மா தொங்கும்."

"பாவம்."

"பாவந்தான். சாதாரணமா கண்ணு சிமிட்டறதுக்குள்ள எதையாவது புடிச்சுக்கும். பனிக்குள்ள மாட்டுனா நகர முடியாது, அப்படியே நிக்கும். இந்த ஃபுளோரினுக்குப் பதிலா ஹைட்ரஜன் இருந்துதுன்னா தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருக்குமுங்க. ஃபுளோரின் இருக்கறதால குடை மாதிரி குமிஞ்சு நிக்குது. நம்ம பேசற சத்தம் பட்டா அந்தக் குடை காத்துல மடங்கற மாதிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பிக்குது. அது மேல பனி படிஞ்சுட்டா அந்தத் திரும்புன வாக்குலயே நின்னுரும். நாங்க கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த அதுக்குள்ள விட்டு, எந்த நெறத்த முழுங்குது எந்த நெறத்த விடுதுன்னு பாத்தா, எந்தக் குடை எப்படி நின்னுதுன்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சா பேச்சு வந்துரும்."

"அப்பறம் அந்தக் குடைக?"

"சூடாக்கித்தானே அத்தை படிக்கறோம். எளகுன உடனே ஒண்ணையொண்ணு கையப் புடிச்சுக்கும். அவ்வளவுதான், பேச்சு போச்சு. ஒருக்காத்தான் கேக்க முடியும்."

மயிலாத்தா இதைக் கேட்டுட்டு, "நல்லதாப் போச்சு, கலியாணம் ஆயிட்டா வாயடங்கிருது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஆனா ஊரு அப்படி விடல. பாகப் பிரிவினை கேஸுல ஃப்ரிட்ஜ தூக்கிட்டு கோர்ட்டுக்கு வந்தாங்க. ஒரு கட்சி ஆபீசுல ஃப்ரிட்ஜ் மட்டும் திருடு போச்சு. டீக்கடையில "இங்கே ஃப்ரிட்ஜ் உள்ளது, பார்த்துப் பேசவும்"னு போர்டு. புருசன் பொண்டாட்டி சண்டை போடறதுக்குன்னு மொட்டை மாடிக்குப் போனாங்க. கடைசில கலியாணத்துல வந்து நின்னுது. ஜாதகத்தோட ஒரு கட்டி ஐஸு. அந்த வூட்டுல சமையக்கட்டுல எப்படிப் பேசறாங்கன்னு கேட்டுட்டுத்தான் வெத்தலை பாக்கு மாத்தறது.

"அத்தை, அந்த ஐஸ வச்சுருங்க. நம்ம ஃப்ரிட்ஜு பழசு. பழைய கேஸு. அதுல ஒண்ணும் இருக்காது"ன்னா கோகிலா.

"அதெல்லாம் இருக்கும் கண்ணு. பொங்கலுக்கு கூலிங் வரலன்னு சம்பத்து மெக்கானிக்கக் கூட்டியாந்தானே? புது கேஸு ரொப்பி, ஊதா பல்பும் ஓசிலயே போட்டுக் குடுத்தான். நல்ல பையன்."

கோகிலா அப்படியே சுவத்தோட சாஞ்சுட்டா.

ஏன்னா, போன வாரந்தான் ரங்கநாயகியம்மா பையனோட பொண்ணு பாக்க வந்துட்டுப் போனாங்க. அவங்க காரு தெருமுனை திரும்பலை, கோகிலா இதே சமையக்கட்டுல இதே ஃப்ரிட்ஜுக்கு முன்னால கச்சேரிய ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு ஒரு வித்தை உண்டு. யாராட்ட வேணும்னாலும் பேசுவா, அச்சு அசலா அவங்க குரலுலயே. கூடத்து டைரக்டராட்ட பேசுவா, கேஸு சிலிண்டர் போடறவராட்ட பேசுவா. ரங்கநாயகியம்மாவாட்ட பேசுனா பாருங்க, மயிலாத்தாவுக்கும் தாரணிக்கும் சிரிச்சுச் சிரிச்சு இடுப்புப் புடிச்சிருச்சு.

"அத்தை, அன்னிக்கு நம்ம என்ன பேசுனோம்னு ஞாபகம் இருக்குதா?"

மயிலாத்தா கத்திய அந்தரத்துல நிறுத்துனாங்க. மூஞ்சி மெதுவா மாறுச்சு. "அட ஆண்டவனே."

"வழிச்சு ஊத்திருங்க. புதுசா தண்ணி ஊத்தி உறைய வச்சுக் குடுப்போம்."

"அது முடியாது கண்ணு. வெறும் ஐஸு குடுத்தா மறைக்கறாங்கன்னு அர்த்தமாமா. ஆவாரம்பாளையத்துல ஒரு கலியாணம் அதனாலயே நின்னு போச்சு."

அப்பத்தான் தாரணி உள்ள வந்தா. "அண்ணி, நிரஞ்சன் மெசேஜ் பண்ணியிருக்காரு. 'எங்கம்மா ஐஸு கேட்டதுக்கு சாரி'ன்னு. அப்பறம் ஒரு மணி நேரம் கழிச்சு, 'சாப்டீங்களா'ன்னு." சொல்லும்போதே அவ காதெல்லாம் செவந்திருச்சு. தாரணி லேசுல யாரையும் புடிச்சிருக்குன்னு சொல்ற பொண்ணில்ல. இதுக்கு முன்னால வந்த வரனையெல்லாம் செருப்பு வாசல்ல இருக்கும்போதே வேண்டாம்னுட்டவ. இவனைப் பாத்துத்தான், பஜ்ஜி தட்டு இவ கைய விட்டு நழுவுனப்ப கீழ குனிஞ்சு ஒண்ணொண்ணா பொறுக்கி ஊதி ஊதித் தின்னானே, அதுல விழுந்துட்டா.

அந்தக் காதைப் பாத்த கோகிலா தூக்குப்போசிய மூடி ஃப்ரீசருக்குள்ளயே வச்சா.

மறுநாள் எல்லாருமா காருல போகும்போது அவ ஒரு வழி யோசிச்சா. "ஏனுங், அவினாசி ரோட்டு வழியாப் போங்க. மேம்பாலத்துக்குக் கீழ, டிராபிக்குல. நின்னு நின்னு." நல்ல சித்திரை வெயிலு. ஐஸு தானா எளகட்டும்னு கணக்கு.

சம்பத்து அதிகம் பேச மாட்டாரு. அன்னிக்குப் பாத்து பேசுனாரு. "ஐஸப் பத்திக் கவலைப்படாத. தெர்மோகோல் பெட்டிக்குள்ள தெர்மோகோல் பெட்டி, நடுவுல பட்டறை பஞ்சு, சுத்தி ஐஸ்கிரீம் கடைப் பொகை ஐஸு. டெல்லிக்கே கொண்டு போலாம்." அவ்வளவு பெருமை. பதிமூணு வருசத்துல பொண்டாட்டி வேலைக்கு அவரு பண்ண முதல் ஒத்தாசை அதுதான். கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டா.

ரங்கநாயகியம்மா வூடு பெரிய வூடு. அவங்க வீட்டுக்காரர் போய் ரெண்டு வருசம் ஆச்சு. அந்தம்மா வச்சதுதான் சட்டம். மூக்குல பெரிய மூக்குத்தி. தலைய எந்தப் பக்கம் திருப்புனாலும் பளிச்சுன்னு வெளிச்சம் ஒரு சுத்து சுத்தி வரும்.

"வாங்கோ, வாங்கோ. அம்மணி, நீங்கதான் படிக்கோணும். கண்டுபுடிச்ச கையாலயே படிச்சாத்தான் எனக்கு நம்பிக்கை."

"என்ற நாத்தனாருக்குப் பாக்கறதுங்க. நான் படிச்சா நல்லா இருக்காது. வேற யாரையாவது…"

"அதெல்லாம் இல்லீங். ஸ்பீக்கர்ல போடுங்க. காதுல மாட்டிக்கற வேலையெல்லாம் ஆகாது."

கோகிலா படிக்கற பெட்டியத் தொறந்து வச்சா. சூட்கேஸு அளவுதான் இருக்கும். ஐஸ வச்சு, மூடி, சுவிட்ச போடப் போனா, டப்புன்னு கரண்டு போச்சு. கோகிலா மனசுக்குள்ள ஈச்சனாரி புள்ளையாருக்கு நூத்தியெட்டு தேங்கா நேர்ந்துட்டா.

"டேய் நிரஞ்சா! ஃப்ரிட்ஜுக்கு மாத்துடா!" ரங்கநாயகியம்மா போட்ட சத்தத்துல மயிலாத்தா சோபாவ விட்டு எந்திரிச்சுட்டாங்க. நிரஞ்சன் விழுந்தடிச்சு ஓடுனான். இன்வெர்ட்டர் கத்துச்சு. பின்னால ஜெனரேட்டர் ஒண்ணு உறுமுச்சு. ஃபேன் ஓடல, லைட் எரியல, ஃப்ரிட்ஜ் மட்டும் உள்ள ஓடுது. நல்ல வேர்வை. அப்பறம் பத்தடி வயர் இழுத்து கோகிலாவோட பெட்டிக்கும் கரண்டு குடுத்தாங்க. புள்ளையாருக்கு நேர்ந்த தேங்கா மிச்சம்.

பெட்டில ஒரு விசயம் பாத்துக்கோங்க. பனி மேல இருந்து எளகுது. அதனால கடைசியா பேசுனதுதான் முதல்ல வரும். அப்பறம் அதுக்கு முந்தி பேசுனது. அப்படியே பின்னாலயே போவும்.

முதல்ல சம்பத்து குரல். "தண்ணி பாட்டில் எங்க?" அப்பறம் மயிலாத்தா, "தயிருக்குப் பொறை ஊத்துனயா கண்ணு?" ரங்கநாயகியம்மா தலைய ஆட்டுனாங்க. அப்பறம் கந்த சஷ்டி முணுமுணுப்பு. அதுக்கு ரெண்டு ஆட்டு.

அப்பறம் சிரிப்பு வந்துது. மூணு பொம்பளைங்க சேந்து கெக்கெக்கேன்னு சிரிக்கற சிரிப்பு. ஸ்பீக்கரே அதிருது.

"எதுக்குச் சிரிக்கறீங்க?"ன்னு ரங்கநாயகியம்மா கேட்டாங்க.

"அது… டிவில ஏதோ காமெடிங்க"ன்னு கோகிலா சூட்டக் கூட்டற பொத்தான்கிட்ட விரலக் கொண்டு போனா. வெரசா எளக்கிட்டா கொழ கொழன்னு போயிரும்.

"மெதுவா, அம்மணி. எனக்கு அவசரமில்ல."

சிரிப்பு முடிஞ்சுது. இப்ப ஒரு குரல். "ஏனுங், பஜ்ஜில உப்பு பத்தலீங். வாழக்கா எங்கீங், தேடிக்கிட்டிருக்கறேன்! இருங்க, இன்னொரு தட்டு வைங்க, அதுலயாவது இருக்குதான்னு பாக்கறேன். என்ற பையனுக்கு வாய் எதுக்குங்? அதான் என்ற வாயி இருக்குதுல்ல!"

ரங்கநாயகியம்மா புருவத்தச் சுருக்குனாங்க. "இது நான் பேசறதாட்டமல்ல இருக்குது?"

"உன் குரலேதாம்மா"ன்னு முணுமுணுத்தான் நிரஞ்சன்.

"நான் ஹால்ல பேசுனது சமையக்கட்டு ஐஸுல எப்படி வந்துது?"

கோகிலாவுக்கு உசுரு திரும்பி வந்துது. கடவுளே கதவத் தொறந்து விட்ட மாதிரி. "நீங்க கொஞ்சம் கணீர்னு பேசறீங்கல்லம்மா, அது சுவரத் தாண்டி…"

"இருக்கும். நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசறேன். அந்த வாய் சமாசாரம் எப்பச் சொன்னேன்னுதான் ஞாபகம் இல்ல."

அப்பவே பெட்டிய அணைச்சிருந்தா தப்பிச்சிருப்பா. ஆனா நிம்மதில கை அசைய மறந்துருச்சு. பனி இன்னும் ஒரு படி எளகுச்சு. சிரிப்புக்கு முன்னால மிமிக்ரி, மிமிக்ரிக்கு முன்னால என்ன இருக்கும்? கோகிலாவோட சொந்தக் குரல், கணீர்னு:

"இருங்க அத்தை, இப்ப அந்த மூக்குத்தியம்மா மாதிரியே பேசிக் காட்டறேன் பாருங்க! செக்போஸ்டு போலீஸு டார்ச் அடிக்கற மாதிரி மூஞ்சிய இப்படித் திருப்போணும்…"

சம்பத்து தரையப் பாத்தாரு. மயிலாத்தா சீலை முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க. தாரணி கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. ரங்கநாயகியம்மா மெதுவா கோகிலா பக்கம் திரும்புனாங்க. பளிச்சுன்னு மூக்குத்தி.

"எங்க வூட்டு ஐஸையும் படிங்க"ன்னாங்க. அவ்வளவுதான்.

எவர்சில்வர் டம்ளர்ல சதுரம் சதுரமா, கண்ணாடியாட்ட ஐஸு. கோகிலா வச்சா. ஒரு 'ம்ம்ம்'னு ஃப்ரிட்ஜ் ஓடற சத்தம். வேற ஒண்ணுமில்ல. அடி வரைக்கும் ஒண்ணுமில்ல.

மயிலாத்தாவுக்கு அடக்குனதெல்லாம் பொங்கிருச்சு. "ஏனுங், இது நேத்து ட்ரேல ஊத்தி வச்ச தண்ணியல்லங்? எங்க ஐஸ அடி வரைக்கும் நோண்டிக் கேட்டீங்க, உங்க வூட்டுது மட்டும் ஊமையா? எங்க மருமக திட்டுனான்னா, உங்கள மட்டுமா திட்டுனா, அவ எல்லாத்தையுந்தான் திட்டுவா! ஒளிக்காம திட்டுவா!"

"அத்தை, நீங்க உக்காருங்க"ன்னா கோகிலா. மாமியார் தனக்காகப் பேசறாங்களா, தன்னக் காட்டிக் குடுக்கறாங்களான்னு அவளுக்கே வெளங்கல.

"சம்பத்து, கிளம்புடா! தாரணி, வா கண்ணு!"

தாரணி எந்திரிக்கல. நிரஞ்சன் அவளப் பாத்தான், அம்மாவப் பாத்தான், வாயத் தொறந்தான், மூடிக்கிட்டான்.

ரங்கநாயகியம்மா எந்திரிச்சாங்க. "அம்மணி மட்டும் சித்தெ நேரம் உள்ள வரட்டும்."

கோகிலா பின்னாலயே போனா. அடி விழுந்தாலும் வாங்கிக்கோணும், கால்ல விழுந்தாவது இந்தப் புள்ளைக கலியாணத்த முடிச்சிரோணும்னு நெனச்சுக்கிட்டே போனா. சமையக்கட்டுல ரெண்டு ஃப்ரிட்ஜு. ஒண்ணு புதுசு. இன்னொண்ணு மூலையில, அந்தக் கேஸு வந்த புதுசுல வாங்குனது, கதவு நிக்காம கயித்தால கட்டி வச்சிருக்குது. ஜெனரேட்டர் ஓடறது இதுக்குத்தான்.

"என்னை மன்னிச்சிருங்கம்மா. தாரணி அன்னிக்கு சும்மா சிரிச்சா, பேசுனது பூராம் நாந்தான். அந்தப் புள்ளை…"

"அதக் கெடக்கட்டும்." அந்தம்மா கயித்த அவுத்தாங்க. உள்ள ஒரு சாமானும் இல்ல. பனி மட்டும் சுவராட்ட நிக்குது. "அவரு போறதுக்கு முன்னால படிஞ்சது. அன்னில இருந்து ஒரு பொருளும் இதுல வெக்கல, பனியச் சொரண்டல. அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. இங்க வந்து ஃப்ரிட்ஜத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பாரு. ஏதோ பேசிக்கிட்டே நிப்பாரு. நான் உள்ளுக்குள்ள இருந்து, 'கதவச் சாத்துங்க, குளுரு போவுது'ன்னு கத்துவேன். என்ன பேசுனாருன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

கோகிலாவுக்கு இப்பத்தான் லேசா வெளிச்சம் வந்துது. "அதனாலதான் எங்க ஐஸு கேட்டீங்களாம்மா?"

"வேறென்ன? உங்க வூட்டுப் பேச்சு எனக்கு எதுக்கு? இது எப்படி வேலை செய்யுது, ஆள் இல்லாத எடத்துல ஆளப் பத்தி எப்படிப் பேசறாங்கன்னு ஒருக்காப் பாக்கோணும்னு நினைச்சேன். பாத்துட்டேன்." மூக்குத்தி லேசா ஆடுச்சு. "நல்லாத்தான் திட்டற."

"அம்மா…"

"இவரும் என்னை அப்படித்தான் திட்டியிருப்பாரோ என்னமோ."

"இப்பவே படிக்கட்டுங்களா? ஃபோன்ல புடிச்சு வச்சுக்கலாம். வேணுங்கறப்ப கேக்கலாம்."

ரங்கநாயகியம்மா பனி மேல உள்ளங்கைய வச்சாங்க. சில்லுன்னு இருந்திருக்கும். எடுக்கல.

"அவரு குரலு என்ற ஃபோன்ல எத்தனையோ இருக்குது. கலியாண வீடியோல, பேங்க்குல சண்டை போட்டதுல, எல்லாத்துலயும். எல்லாமே நான் கேட்டது. இது மட்டுந்தான் அம்மணி நான் இன்னும் கேக்காதது. இதயும் கேட்டுட்டேன்னா அவரு எங்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் பாக்கி இருக்காதல்ல?"

எந்தக் குடை எந்தப் பக்கம் நிக்குதுன்னு கோகிலாவுக்குப் பாக்கத் தெரியும். இதுக்கு என்ன சொல்றதுன்னு எந்தப் புத்தகத்துலயும் போடல.

"அனேகமா மோர் எங்கன்னு தேடியிருப்பாரு"ன்னாங்க ரங்கநாயகியம்மா. அப்பறம் கைய எடுத்து சீலையில தொடச்சுட்டு, "கதவச் சாத்து அம்மணி. குளுரு போவுது."

கோகிலாதான் சாத்துனா. கயித்தயும் இறுக்கிக் கட்டுனா, ரெண்டு முடிச்சு போட்டு.

ஹாலுக்கு வந்ததும் ரங்கநாயகியம்மா பழையபடி கணீர்னு ஆரம்பிச்சாங்க. "எங்க ஐஸு ஊமைதானுங். தப்பு எங்க மேல. உங்க வூட்டுல மனசுல இருக்கறதப் பேசறீங்க. தேதி பாத்துக்கலாம்." தாரணி காது மறுபடியும் செவந்துது. "ஆனா ஒண்ணு. இந்த அம்மணி அந்தப் பஜ்ஜி பேச்ச என்ற கண்ணு முன்னால ஒருக்காப் பேசிக் காட்டோணும்."

"ஐயோ, வேண்டாங்கம்மா."

"காட்டோணும். இல்லாட்டி தேதி இல்ல."

கோகிலா எந்திரிச்சா. தலைய இப்படித் திருப்புனா. "ஏனுங், பஜ்ஜில உப்பு…" முடிக்கல, நிரஞ்சன் வயித்தப் புடிச்சுக்கிட்டு சோபால இருந்து கீழயே விழுந்துட்டான். "அப்படியே இருக்குதும்மா!" பொண்ணு பாத்த நாள்ல இருந்து அவன் சத்தமாப் பேசுன முதல் வார்த்தை அதுதான். ரங்கநாயகியம்மா சிரிச்சுக் கண்ணத் தொடச்சுட்டு, "உப்பு நெசமாவே பத்தலீங்"ன்னாங்க.

வூட்டுக்கு வந்ததும் மயிலாத்தா நேராப் போய் தேங்காக் கத்திய எடுத்தாங்க. "போதும்டி சாமி. மிச்சம் இருக்கறதையும் கொத்திக் கொட்டிரலாம். மானம் போச்சு."

"அத்தை, இருங்க." கோகிலா ஃப்ரீசருக்குள்ள எட்டிப் பாத்தா. வெட்டுனது போக, பின்னால ஒரு மூலையில ஒரு கை அகலத்துக்குப் பனி. பொங்கல்ல இருந்து படிஞ்சது. ராத்திரி தண்ணி குடிக்க வர்ற சம்பத்து அங்கதான் நிப்பாரு, ஏதோ முணுமுணுத்துக்கிட்டு. கதவச் சாத்துங்கன்னு இவளும் உள்ள இருந்து கத்தியிருக்கா. "அந்த மூலைய மட்டும் உட்டுருங்க."

"ஏன், அதுல என்ன இருக்குது?"

"தெரியலீங் அத்தை."

"படிச்சுப் பாக்க வேண்டீதுதானே? உன்ற பெட்டிதான் இருக்குதல்ல?"

"வேண்டாங்."

மயிலாத்தா மருமகள மேலயும் கீழயும் பாத்தாங்க. கத்தியக் கீழ வச்சாங்க. அப்பறம் தலைய நல்லா ஃப்ரீசருக்குள்ள விட்டு, அந்த மூலையப் பாத்து, ஊருக்கே கேக்கற மாதிரி, "கோகிலா வெக்கற ரசத்துல புளி ஜாஸ்தி!"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு, கதவப் பட்டுன்னு சாத்துனாங்க.